மைனஸ் வி

இருபது வருடம் சர்வர்களின் லாக் கோப்புகளைப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான். கிரெப் தேடுவதற்கான கருவி என்பார்கள். எனக்கு அது கழித்துக்கட்டும் கருவி. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கொண்டால் எதைத் தேடுவது என்றே தெரியாது. எது வேண்டாம் என்பது மட்டும் தெரியும். பொருந்துகிற வரிகளை விலக்கும் மைனஸ் வி-யை மேலும் மேலும் போட்டுக்கொண்டே போனால் லட்சம் வரி நாற்பதாகிவிடும். கோளாறு அதற்குள் எங்காவது உட்கார்ந்திருக்கும்.

இந்த வி வந்தது யூனிக்ஸின் ஆதி எடிட்டரான 'எட்'டிலிருந்து. அது டெலிடைப் காலத்துப் பிள்ளை. திரை கிடையாது, எழுத்துகள் காகிதத்தில் தட்தட்டென்று விழும். கட்டளைகளும் அதனால் ஒற்றை எழுத்துகள். ஜி என்றால் பொருந்துகிற வரிகள், வி என்றால் பொருந்தாத வரிகள். ஜி, ஒரு சாய்கோடு, ஆர்ஈ என்ற தேடல் வடிவம், இன்னொரு சாய்கோடு, அச்சிடு என்பதற்குப் பி. சாய்கோடுகளை உதிர்த்தால் கிரெப்.

நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் கிரெப் பிறந்த கதையை அங்கே வேலை பார்த்த பிரையன் கெர்னிகன் இப்படிச் சொல்வார்: ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் 1787-88இல் ஒரே புனைபெயரில் எழுதிய 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எது யாருடையது என்று ஆராய்ந்தார் சக ஊழியர் லீ மெக்மேகன். அவ்வளவு பெரிய உரையை பிடிபி-11 கணினியில் எட் தாங்கவில்லை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் எட்டின் தேடும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஒரே இரவில் தனி நிரலாக்கினார். 2019இல் அதே கெர்னிகன் மேடையில் கேட்டபோது தாம்ப்சன் சொன்னது வேறு: நிரல் முன்பே அவர் கைவசம் இருந்ததாம், அதே ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் அப்படியொன்று வேண்டும் என்றதும், ராத்திரி யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் கொடுத்தாராம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. நல்ல கருவிகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் மேஜையில் பெயரில்லாமல் கிடந்தவைதான்.

1973இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் கிரெப் சேர்ந்தது. எட்டின் வி, அதில் மைனஸ் வி ஆயிற்று. மெக்மேகன் பிறகு, வரி வரியாகத் திருத்தும் 'செட்' என்ற நிரலை எழுதினார். வரியை நீக்க அதில் டி போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பை மைனஸ் வி-யால் சுத்தம் செய்து, விடையை அதே பெயருக்கே திருப்பிவிட்டேன். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் முதலில் அந்தக் கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் கிரெப்பை எழுப்பும். ஒரு மாத லாக் போயிற்று. விடையை எப்போதும் வேறு பெயரில் எழுதுங்கள். திறந்து பார்த்த பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாம்.