ஓட்டர் லிஸ்டில் பேர் இருக்கா? பழவேற்காடு குப்பங்களில் ஆவணம் தேடுவது எப்படி?

பழவேற்காடு:

"ரேஷன் கார்டு இருக்கு, ஆதார் இருக்கு, அப்புறம் எப்படிங்க ஓட்டு மட்டும் இல்லாமப் போகும்?"

பழவேற்காடு பக்கம் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் தேர்தல் நேரத்தில் காதில் விழும் கேள்வி இது. பதில் ரொம்ப சிம்பிள். ரேஷன் கார்டு ஒரு துறை, ஆதார் இன்னொரு துறை, ஓட்டு வேறு துறை. ஒன்றில் பேர் இருந்தால் அடுத்ததில் தானாக ஏறாது.

இந்த முறை விஷயம் கொஞ்சம் சீரியஸ். தமிழகம் முழுக்க 2025 நவம்பர் 4-ந்தேதி வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ந்தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலத்தில் சுமார் 97 லட்சம் பேர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு எல்லாம் அதில் சேர்த்திதான். ஆனால் வீடு பூட்டிக் கிடந்தது, ஆளைக் காணவில்லை என்றும் பேர்கள் போயின. தொழிலுக்காக காசிமேட்டிலும் வெளியூரிலும் தங்கும் மீனவ குடும்பங்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஊர் ஒன்று, முகவரி நாலு

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், சாத்தாங்குப்பம், ஜமீலாபாத் என்று சுற்றிலும் குப்பங்கள். ஊர்க்காரர்களுக்குக் குப்பத்தின் பேர் போதும். சர்க்கார் கம்ப்யூட்டருக்குப் போதாது.

நிலம் என்றால் வருவாய் கிராமத்தின் பேரைக் கேட்கும். தெருவிளக்கு, குடிநீர், வீட்டு வரி என்றால் ஊராட்சியின் பேர். அதற்கு மேல் மீஞ்சூர் ஒன்றியம், பொன்னேரி தாலுகா, திருவள்ளூர் மாவட்டம். ஓட்டுக்குப் போனால் பொன்னேரி (தனி) சட்டசபை தொகுதி, திருவள்ளூர் (தனி) பாராளுமன்ற தொகுதி. அதிலும் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு பாகம் எண். குப்பத்தின் பேரை அடித்து 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் பேர் மாறியிருக்கும், அவ்வளவுதான். வீட்டு வரி ரசீதையும் பழைய ஓட்டர் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினால் பாதி வேலை முடிந்தது.

ஓட்டர் லிஸ்டில் தேடும் வித்தை

கார்டு கையில் இருந்தால் அதிலுள்ள எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எழுத்துப்பிழை தொந்தரவு இருக்காது. கார்டு இல்லையா? பேரைப் போட்டுத் தேடலாம். ஆனால் குப்பத்தில் ஒரே பேரில் அரை டஜன் பேர் இருப்பார்கள். அப்பா பேர் ஒருவருக்கு முழுசாக இருக்கும், இன்னொருவருக்கு இனிஷியல் மட்டும். வீட்டு எண் பல இடங்களில் குத்துமதிப்பு. அதனால் பேரில் கிடைக்கவில்லை என்றதும் விட்டுவிடக் கூடாது. தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதியைப் போட்டு, உங்கள் வாக்குச்சாவடியின் பாகம் முழுவதையும் இறக்கி, பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள். அரை மணி நேர வேலை. வீட்டில் எல்லார் பேரும் ஒரே பாகத்தில் இருக்கிறதா, செத்துப்போன தாத்தா இன்னும் 'உயிரோடு' இருக்கிறாரா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

போனில் பார்க்கத் தெரியாதவர்கள் 1950-க்குப் போன் செய்யலாம். அந்தந்த வாக்குச்சாவடிக்கு என்று நியமிக்கப்பட்ட நிலை அலுவலரிடம் பட்டியல் இருக்கும். பொன்னேரி தாலுகா ஆபீசிலும் கேட்கலாம்.

தீவிர திருத்தத்தின்போது 2002, 2005-ல் நடந்த பழைய திருத்தப் பட்டியலில் நம்ம பேரோ அப்பா, அம்மா பேரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு 2008-ல் தொகுதி மறுவரையறை வந்ததால் இன்றைய பாகம் எண்ணை வைத்துப் பழையதைத் தேடினால் கிடைக்காது. அன்றைய வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்தின் பேரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அப்பா எந்தப் பள்ளியில் ஓட்டுப் போட்டார் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும்.

பட்டா இல்லாவிட்டால் ஓட்டு கிடையாதா?

இது ஒரு பெரிய தப்பு நினைப்பு. ஓட்டுக்குப் பட்டா வேண்டவே வேண்டாம். 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்தின் 20-வது பிரிவு பார்ப்பது 'வழக்கமாக வசிக்கும் இடம்' எது என்பதை மட்டும்தான். ஓரிடத்தில் வீடு சொந்தம் என்பதாலேயே அங்கே ஓட்டு வந்துவிடாது. புறம்போக்கில் குடிசை என்பதால் ஓட்டு போய்விடவும் செய்யாது. தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் வசிப்பிடம் மாறிவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சீசனுக்கு வெளியூர் போகும் படகுத் தொழிலாளி அதிகாரியிடம் சொல்ல வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

புதுசாகச் சேர, விடுபட்டவர் திரும்பச் சேர படிவம் 6. இடம் மாற, பிழை திருத்த, கார்டு தொலைந்தால் படிவம் 8. வேறொருவர் பேரை நீக்கச் சொல்ல படிவம் 7. முகவரிக்கு ஆதார், பேங்க் பாஸ்புக், கரண்ட் பில் என்று ஏதாவது ஒன்று போதும். எதுவுமே இல்லை என்றால் அதிகாரி நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க வேண்டும். 18 வயது கணக்கு இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ந்தேதி என்று வருஷத்துக்கு 4 முறை. மனுவைத் தள்ளினால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் அப்பீல், அங்கேயும் தள்ளினால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். வேட்புமனு தாக்கல் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் புதுப் பேர் ஏறாது. அதனால் தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடுவதில் புண்ணியமில்லை.

ஊர்க் கணக்கு வேறு, சர்க்கார் கணக்கு வேறு

பழவேற்காட்டில் ஊருக்கென்றே ஒரு கணக்கு உண்டு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை விடுவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும் 'பாடு' முறை. தலைக்கட்டுக் கணக்கில் இருப்பவருக்கே பாடு. இந்தப் பட்டியலில் தவறு வராது. வந்தால் அன்றைக்கே சண்டை! ஆனால் அதில் பெண்கள் பேர் கிடையாது. கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அதற்கு வெளியேதான். அவர்களையும் சரிசமமாக ஆளுக்கு ஒன்று என்று எண்ணும் ஒரே பட்டியல் வாக்காளர் பட்டியல். முதலில் அதில் சரிபார்க்க வேண்டியவர்களும் அவர்களே. இருளர் சாதிச் சான்று தாசில்தாரிடம் கிடைக்காது, கோட்ட அளவில் சார் ஆட்சியரிடம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

பிறப்பு, இறப்பு

பிறப்போ இறப்போ 21 நாளுக்குள் பதிய வேண்டும். 1 வருஷம் தாண்டினால் கோட்ட அளவில் உத்தரவு வாங்க வேண்டிவரும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடத்தில் இருந்து ஓட்டர் லிஸ்ட் வரை, பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

கஷ்டமான கேஸ் கடலில் காணாமல் போனவர்கள். உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று சட்டென்று வராது. 7 ஆண்டு தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். அதுவரை மனைவிக்கு விதவை பென்ஷனும் இழுபறி. சம்பவம் நடந்ததுமே புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகல் வாங்கி வைப்பது முக்கியம். பழவேற்காட்டுக்குத் திருப்பாலைவனம் போலீஸ் நிலையம். மீன்வளத் துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலம்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு மூன்றையும் அரசின் இ-சேவை தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சர்வே எண் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். வில்லங்கம் பதிவுத் துறை தளத்தில். நத்தமா, புறம்போக்கா, சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்பதை அ-பதிவேட்டிலும் வரைபடத்திலும் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டில் இருப்பவர்கள் ஒப்படைப்பு ஆணை கையில் இருக்கிறதா என்று ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஆபீசில் "பைல் இல்லை" என்று சொன்னால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப். 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன்' என்று கேட்காதீர்கள், 'நகல் கொடுங்கள்' என்று கேளுங்கள்.

இதே ஊரில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டினார்கள். அவர்கள் கல்லறைகளில் வெட்டிய பேர்களை இன்றும் படிக்கலாம், தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அவர்களது பழைய ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். பக்கத்துத் தெரு மீனவப் பாட்டியின் பிறந்த தேதிக்குத்தான் காகிதம் இல்லை!

ஏரிக்கு அந்தப் பக்கம்

இரக்கம் தீவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. ஆனால் தீவு ஆந்திராவில். ஓட்டு சூலூர்பேட்டை தொகுதியில், மாவட்டம் 2022-ல் இருந்து திருப்பதி. அங்கிருந்து இங்கே கல்யாணமாகி வரும் பெண்கள் படிவம் 8 கொடுத்தாலே ஓட்டு மாநிலம் விட்டு மாநிலம் மாறும். படிவம் 6 கொடுத்தால் இரண்டு இடத்தில் பேர் ஏறும், அது சட்டப்படி தப்பு. பெற்றோர் பேரைப் பழைய பட்டியலில் காட்டச் சொன்னால் தமிழ்நாட்டுப் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், ஆந்திரப் பட்டியலில் பாருங்கள். பேர் அங்கே தெலுங்கு எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஆளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.