திரும்பிப் போகாத எரிபொருள்

கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி நம் கடற்கரைப் பங்குகளில் பேசாத நாளில்லை என்னும் காலம் ஒன்று இருந்தது. மின்வெட்டைப் பற்றிப் பேசினோம். மீன்வளத்தைப் பற்றிப் பேசினோம். ஆழிப்பேரலையைப் பற்றியும் பேசினோம். ஆனால், அந்நிலையத்தின் வரலாற்றில் ஒரு வாக்கு மாறிய செய்தியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. உலையில் பயன்பட்டுத் தீர்ந்த எரிபொருள் எங்கே போகும் என்பது பற்றிய வாக்கு அது.

1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் மிகயீல் கோர்பச்சேவும் புதுதில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அமையும். எரிபொருளும் அங்கிருந்தே வரும். பயன்படுத்திய எரிபொருள் அந்நாட்டுக்கே திரும்பிச் செல்லும். மறு ஆண்டே சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று அன்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் நிறைவுற்ற மீனவர் பேரணியில் அணுஉலை எதிர்ப்பும் ஒலித்தது. அப்பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

1991-இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. திட்டம் உறங்கிற்று. 1998 ஜூனில், பொக்ரான் சோதனை நடந்த மறு மாதம், ரஷ்யாவோடு துணை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உலைகள் அவையே, கடற்கரையும் அதுவே; பயன்படுத்திய எரிபொருள் மட்டும் இனி இந்தியாவிலேயே இருக்கும் என்றாயிற்று. 1989-இல் பெற்ற அனுமதியே தொடர்ந்தது.

இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. அந்த எரிபொருளை நம் அணுசக்தித் துறை கழிவாகக் கருதுவதில்லை, வளமாகக் கருதுகிறது. உலையில் யுரேனியத்தின் ஒரு பகுதி புளூட்டோனியமாக மாறுகிறது. அதைப் பிரித்தெடுத்தால் வேறு உலைகளுக்கு எரிபொருளாகும். இதில் அறிவியல் பிழை ஏதுமில்லை. ஆயினும் பிரித்தெடுத்த பின்னும் கொடிய கதிர்வீச்சுள்ள எச்சம் மிஞ்சும். அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி இறுக்கினாலும், எங்கேனும் ஓரிடத்தில் வைத்துத்தானே ஆகவேண்டும்? வளம் என்னும் சொல் இக்கேள்வியைத் தள்ளிப்போடுகிறதே அன்றித் தீர்க்கவில்லை என்பது நம் கருத்து.

முதல் உலையில் 2013 ஜூலை 13 அன்று தொடர்வினை தொடங்கிற்று. இரண்டாவதில் 2016 ஜூலையில். ஒவ்வோர் உலையிலும் 163 எரிபொருள் கற்றைகள் உள்ளன. அவை ஏறத்தாழ 3,000 மெகாவாட் வெப்பம் தர, மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதியைக் கடல் ஏற்கிறது. (நாம் இதை எழுதும் விளக்கின் ஒளியிலும் அம்மின்சாரத்தின் பங்கு இருக்கலாம், அதை மறைப்பதற்கில்லை.) குறித்த கால இடைவெளியில் உலையை நிறுத்திப் பழைய கற்றைகளில் ஒரு பகுதியை எடுத்து, நீர் நிறைந்த தொட்டிக்குள் இறக்குகிறார்கள். உலை நின்றாலும் கற்றையின் சூடு நிற்பதில்லை. தணலை மூடிய சாம்பல் போன்றதன்று அது. தனக்குள்ளேயே தணலைப் பிறப்பித்துக்கொண்டிருப்பது. ஆண்டுக்கணக்கில் நீர் அதைக் குளிர்விக்க வேண்டும். 2011 மார்ச்சில் புகுஷிமாவில் குளிர்விப்பு நின்றபோது நேர்ந்ததை உலகமே கண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் இடிந்தகரை லூர்து அன்னை ஆலய முற்றத்தில் மக்கள் உண்ணாநோன்பு அமர்ந்ததன் பின்னணி இதுவே.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோதுதான் அந்தப் பழைய கேள்வி அவைக்கு வந்தது. எச்சத்தை எங்கே வைப்பீர்கள் என்ற வினாவுக்கு 2012 நவம்பரில் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்கள் விடையாகக் கூறப்பட்டன. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 2001-இல் மூடப்பட்ட சுரங்கங்கள் அவை. கோலார் கொதித்தெழுந்தது. அங்கே முன்னர் நடந்தது ஆய்வு மட்டுமே, கழிவு வைக்கும் எண்ணமில்லை என்று சில நாள்களிலேயே விளக்கம் வந்தது. வேண்டாம் என்று சொல்லக் கோலாருக்குச் சில நாள்கள் போதுமாயிருந்தன. இடிந்தகரைக்கு ஆண்டுகளும் போதவில்லை.

2013 மே 6 அன்று நீதிமன்றம் நிலையத்தை இயக்க இசைவளித்து, 15 கட்டளைகளையும் விதித்தது. பயன்படுத்திய எரிபொருளுக்கு உலைக்கு வெளியே ஐந்து ஆண்டுகளுக்குள் தனிக் கிடங்கு அமைய வேண்டும் என்பதும், ஆழ்நில நிரந்தரக் கிடங்குக்கான முயற்சி வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். ஐந்து ஆண்டுகளில் அது முடியவில்லை. 2018-இல் காலக்கெடு 2022 வரை நீட்டிக்கப்பட்டது. இடைக்காலக் கிடங்கை நிலைய வளாகத்துக்குள்ளேயே அமைக்கும் திட்டம் வெளிவந்ததும் சுற்றுவட்டாரத்தில் மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. இதற்குள் மூன்றாம், நான்காம் உலைகளின் கட்டுமானம் 2017-இலும், ஐந்தாம், ஆறாம் உலைகளின் கட்டுமானம் 2021-இலும் தொடங்கியிருந்தன.

2022 பிப்ரவரியில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். பயன்படுத்திய எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அது இயலாதெனில் மக்கள் வாழாத இடத்தில் ஆழ்நிலத்தில் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1988-இல் எழுதப்பட்டிருந்த வரியையே 34 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாநில அரசு கோரிக்கையாகக் கேட்டது.