கவ்ம், மில்லத்: 1938-இல் எழுந்த ஒரு கருத்து வேறுபாடு

ஹூத் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாடம் நடத்தும்போதெல்லாம் 'கவ்ம்' என்னும் சொல்லைத் தமிழில் பெயர்க்க நாம் சற்றே தயங்குவதுண்டு. இனம் என்பதா, சமூகம் என்பதா, நாட்டு மக்கள் என்பதா? இது அகராதியோடு முடியும் ஐயமன்று. இச்சொல்லின் பொருள் குறித்தே 1938-இல் இந்திய முஸ்லிம்களின் பேரறிஞர் இருவர் கருத்து மாறுபட்டனர்.

இவ்வினா ஐரோப்பாவில் முன்னரே எழுந்திருந்தது. ஒரு மக்களை இயல்பாகப் பிணைப்பது மொழியே என்று ஜெர்மானிய மெய்யியலார் ஃபிக்டே 1807, 1808-ஆம் ஆண்டுகளில் பெர்லினில் உரையாற்றினார். 1871-இல் அல்சாஸ் பகுதியை ஜெர்மனி இணைத்துக்கொண்டபோது, அங்கு வழங்கிய ஜெர்மானியக் கிளைமொழி அதற்கு நியாயமாகக் காட்டப்பட்டது. அம்மக்களின் பிரதிநிதிகளோ பிரான்சைப் பிரிய மறுத்தனர். 1882-இல் பாரிஸில் ரெனான், பொது நினைவுகளும் சேர்ந்து வாழும் விருப்பமுமே தேசத்தை ஆக்குகின்றன என்றார். இஸ்லாத்தைப் பற்றி மறு ஆண்டு அவர் கூறியவற்றை ஜமாலுத்தீன் அஃப்கானி மறுத்தெழுதினார். எனினும் தேசம் பற்றிய அவருடைய இக்கருத்து எண்ணிப் பார்க்கத்தக்கது. முன்னதை இனத் தேசியம் என்றும் பின்னதைக் குடிமைத் தேசியம் என்றும் அறிஞர் வகுப்பர்.

1938 ஜனவரியில் தில்லியில் பேசிய தேவ்பந்த் தாருல் உலூமின் தலைமை ஆசிரியர் மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனீ (ரஹ்), இக்காலத்தில் கவ்ம்கள் 'வதன்' என்னும் தாயகத்தால் அமைகின்றன என்றார். 'மில்லத்' தாயகத்தால் அமைகிறது என்று அவர் கூறியதாகவே செய்தி பரவியது. மில்லத் என்பது சமய வழியால் அமையும் சமுதாயம். அதனையும் மண்ணுக்குக் கீழ்ப்படுத்துவதா என்று வெகுண்ட அல்லாமா இக்பால் (ரஹ்), பாரசீகத்தில் மூன்று ஈரடிகளால் மௌலானாவைக் கடிந்தார். நிலத்தைத் தெய்வமாக்கும் தேசியம் மனித குலத்தைப் பிளந்துவிடும் என்பது அவரது கவலை.

தாம் கூறியது 'கபர்' என்றும், 'இன்ஷா' அன்று என்றும் மௌலானா விளக்கினார். அதாவது, உலக நடைமுறையைத் தெரிவித்தாரேயன்றி, முஸ்லிம்கள் இவ்வாறாகுக எனப் பணிக்கவில்லை. இக்பால் இவ்விளக்கத்தை ஏற்று, இனித் தமக்கு ஆட்சேபம் இல்லையென எழுதினார். சில வாரங்களில், ஏப்ரல் 21 அன்று மறைந்தார். அவருக்குப் பின் வெளிவந்த நூலில் அக்கவிதை இடம்பெற்றுவிட்டது. ஆகவே மக்கள் நினைவில் பூசல் நிலைத்தது, இணக்கம் மறைந்தது.

மௌலானா பின்னர் எழுதிய 'முத்தஹிதா கவ்மிய்யத் அவ்ர் இஸ்லாம்' என்னும் நூலில் தெரிவித்தலோடு நில்லாது, ஒன்றுபட்ட தேசியத்துக்காக வாதாடவும் செய்தார். தம்மை மறுத்த மக்களையும் நபிமார்கள் தம் கவ்ம் என்றே விளித்ததாகத் திருக்குர்ஆன் கூறுவதை அவர் எடுத்துக்காட்டினார். மதீனா உடன்படிக்கை யூதர்களையும் முஸ்லிம்களோடு ஒரே உம்மத்தாகக் குறித்ததையும் நினைவூட்டினார். அவரவர் மார்க்கம் அவரவர்க்கு. நகரைக் காக்கும் கடமை அனைவர்க்கும் பொது.

1947-இல் சமயத்தை அடிப்படையாகக் கொண்டு பாகிஸ்தான் பிறந்தது. சமயம் ஒன்றாயிருந்தும், மொழியுரிமையும் ஆட்சியுரிமையும் மறுக்கப்பட்டதால் 1971-இல் வங்காளதேசம் பிரிந்தது. இந்திய அரசியலமைப்போ தன் ஐந்தாம் பிரிவில் பிறப்பையும் வசிப்பையும் கொண்டு குடியுரிமையை வரையறுத்தது, சமயத்தைக் கேட்கவில்லை. ஆயின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்தோருள் ஆறு சமயத்தாரைப் பெயர் சுட்டி, முஸ்லிம்களை அப்பட்டியலில் சேர்க்கவில்லை. மண்ணால் அமைந்த கவ்ம் மண்ணால் மட்டும் நிலைப்பதில்லை என்பதை இதனால் உணர்கிறோம். மதீனாவில் போன்றே அது ஓர் உடன்படிக்கை. இரு தரப்பும் பேணினாலன்றி நில்லாது. இக்பாலின் எச்சரிக்கையும் இங்கே பயன்படுகிறது: உடன்படிக்கையை மறந்த தேசப்பற்று மண்ணை வழிபடுவதில் போய் முடியும்.

இப்போதெல்லாம் வகுப்பில் 'நாட்டு மக்கள்' என்றே நாம் பொருள் கூறுகிறோம். ஹூத் (அலை) அவர்களை மறுத்தவர்களும் அவர்களுடைய கவ்மைச் சேர்ந்தவர்களே அல்லரோ?