ஏரி வழி வந்த டாங்கி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ‘டேங்க்’ என்றால் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான். “டேங்க் ரொம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்து” என்ற குரல் எந்தத் தெருவிலும் கேட்கும். போர்க்களத்து டாங்கிக்கும் அந்தத் தொட்டிக்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயல் அல்ல.

1915-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் இரும்புத் தகடு போர்த்திய வண்டி உருவானது. திட்டமிட்டவர்கள் அதைத் ‘தரைக்கப்பல்’ என்றார்கள். பெயர் கசிந்தால் எதிரிக்குப் புரிந்துவிடும் என்பதால், மெசபடோமியாவுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். மறைப்புப் பெயரே நிலைத்தது. அந்தச் சொல்லின் பிறப்பிடம் குஜராத்தி, மராத்தியில் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் சொல்லா, போர்ச்சுக்கீசியரின் ‘தாங்க்கெ’யா என்ற வாதம் இன்றும் உண்டு. இரண்டும் கலந்தே ஆங்கிலத்தில் ஏறின என்பது என் கருத்து. சென்னை மாகாண ஆங்கில ஆவணங்களில் நம் ஏரியும் குளமும் ‘டேங்க்’ என்றே பதிவாகியுள்ளன.

டாங்கிக்குப் புதுச்சேரி அறிந்த இன்னொரு பெயரும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை இங்கே ‘சொல்தா’ என்பார்கள். டாங்கிக்கு அவர்கள் படையில் கேட்ட சொல் ‘ஷார்’. அதன் பழைய பொருள் தேர், வண்டி. வில்லியனூர்த் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்தார். இன்றும் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அந்தத் தேரும் பிரெஞ்சில் ‘ஷார்’தான்.

பெயருக்கேற்ப ஓட்டத்தைப் பெரிதாக எண்ணியவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. முதல் உலகப் போரில், 1916 செப்டம்பர் 15 அன்று சோம் களத்தில் முதன்முதலாக இறங்கிய பிரிட்டிஷ் மார்க் 1 சுமார் 28 டன் எடை, எட்டுப் பேர் உள்ளே, நடைவேகம்தான். துப்பாக்கிகள் இரு விலாவிலும் பிதுங்கி நின்றன. 1917-இல் வந்த பிரெஞ்சு ரெனோ எஃப்டி ஏழு டன்னுக்கும் குறைவு, இரண்டே வீரர்கள். முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின், நடுவில் முழு வட்டமாகச் சுழலும் கோபுரம். வண்டியைத் திருப்பாமலே எத்திசையிலும் சுடலாம். பிறகு வந்த டாங்கிகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பின் வழிவந்தவை. மார்க் 1-ஐவிட இதையே நான் முதல் முழு டாங்கியாகக் கொள்வேன்.

தமிழில் சிலர் ‘பீரங்கி வண்டி’ என்றார்கள். பீரங்கி என்பதே ‘ஃபிரங்கி’, அதாவது ஃபிராங்க் இனத்தார் என்ற சொல்லின் திரிபு. பிரான்சுக்குப் பெயர் தந்ததும் அதே இனம். ‘கவச வாகனம்’ என்போரும் உண்டு. ஈழத்தில் ‘யுத்த தாங்கி’. அங்கே தண்ணீர்த் தொட்டியும் தாங்கிதான். வந்த சொல்லைத் ‘தாங்கு’ என்ற வினையோடு உறவாக்கிவிட்டார்கள்.

ஒரு பெயர் சுடுதிறனைப் பற்றுகிறது, ஒன்று காப்பை, ஒன்று ஓட்டத்தை. டாங்கியின் வரலாறு இம்மூன்றின் இழுபறி. கவசம் தடித்தால் எடை கூடும். எடை கூடினால் பாலம் தாங்காது. ஆவடியிலும் இதையே பார்க்கிறோம். கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கிக்கு 105 மி.மீ. பீரங்கி, எடை 40 டன்னை ஒட்டியது. அங்கேயே உருவான அர்ஜுனுக்கு 120 மி.மீ. பீரங்கி, காஞ்சன் கவசம். 2021-இல் படையிடம் ஒப்படைக்கப்பட்ட எம்கே-1ஏ வகை 68 டன். நம் ஏரிகளின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய வண்டி, ஏரிகள் சூழ்ந்த ஆவடியிலேயே உருவாகிறது.

ஆகவே செய்தி எழுதும் நண்பர்களே, கே9 வஜ்ரா போன்ற ஊர்திப் பீரங்கிகளுக்குப் ‘பீரங்கி வண்டி’ பொருந்தும். வீரர்களை ஏற்றிச் செல்வது கவச வாகனம். சுழல் கோபுரமும் சங்கிலித் தடமும் கனத்த கவசமும் ஒருங்கே கொண்டதை ‘டாங்கி’ என்றே எழுதுங்கள்.