எதிராளி வசனத்தையும் மனப்பாடம் பண்ணு!

சம்பள உயர்வு கேட்கப் போறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பார்க்கிற ஆளா நீங்க? நானும் அப்படித்தான். அதுல ஒரே சிக்கல், கண்ணாடி நம்மை எதிர்த்துப் பேசாது. இன்னிக்கு நாம பார்க்கப்போறது எதிர்த்துப் பேசுற ஒரு புத்தகம்.

பேரு 'நோகொல்தே'. 14-ஆம் நூற்றாண்டுல, கொரியாவின் கொர்யோ அரசு முடியப்போற காலத்துல உருவான சீன மொழிப் பாடப்புத்தகம். முழுக்க முழுக்க உரையாடல்தான். சில கொரிய வியாபாரிகள் குதிரை, துணி, ஜின்செங் எல்லாம் எடுத்துக்கிட்டு இன்றைய பெய்ஜிங்குக்குப் போறாங்க. வழியில வாங் என்கிற சீன வியாபாரி சேர்ந்துக்கிறார். கதை அவ்வளவுதான்.

கிளம்பின கொஞ்ச நேரத்துலயே, "அங்க குதிரை என்ன விலை போகுது?"ங்கிற பேச்சு வந்துடுது. சமீபத்துல ஊர் திரும்பின ஒருத்தர் சொன்ன விலை கையில இருக்கு. அதாவது, சந்தைக்குள்ள கால் வைக்கும் முன்னாடியே மார்க்கெட் ரேட் தெரியும்.

சந்தையில 15 குதிரைக்கு 140 லியாங் வெள்ளி கேட்கிறாங்க. லியாங்னா சீன எடை அளவு. தரகர் நடுவுல வந்து, நல்ல குதிரை 5-க்குத் தலா 8, சுமாரான 10-க்குத் தலா 6, மொத்தம் 100-னு கணக்குப் போடுறார். இழுபறிக்குப் பிறகு 5 சேர்த்து 105-ல முடியுது. உடனே பத்திரம். பேச்சு மாறுறவங்க எதிர்த்தரப்புக்கு 5 லியாங் அபராதம் கட்டணும். அப்புறம் வாங்கினவர்ல ஒருத்தர் குதிரைக்கு நோய்னு திரும்பக் கொண்டுவர, அந்த ஷரத்து வேலைக்கு வருது. ஜின்செங் விக்கும்போது இன்னொரு வம்பு. வீட்டுல 110 காட்டின சரக்கு, அந்த ஊர்த் தராசுல 100 தான் காட்டுது!

1393-ல் ஜோசன் அரசு அமைச்ச மொழிபெயர்ப்பாளர் அலுவலகம் சயோக்வோன். அங்க இந்தப் புத்தகத்தை மாணவர்கள் மனப்பாடமா ஒப்பிக்கணும். இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. முழுப் புத்தகத்தையும் ஒப்பிக்கிறவன் விக்கிறவன் வசனத்தை மட்டும் சொல்லலை. வாங்குறவன் குதிரையை மட்டம் தட்டுறது, தரகர் சமாதானம் பேசுறது, எல்லாமே அவன் வாயிலிருந்துதான் வருது. நிஜத்துல எதிராளி அதே மாதிரி மறுக்கும்போது அவனுக்கு அதிர்ச்சியே இருக்காது. நாம டெஸ்ட் கேஸ் எழுதும்போது எல்லாம் சரியா நடக்கிற வழியை மட்டுமா எழுதுறோம்? உடையுற இடங்களைத்தானே முதல்ல தேடுறோம்!

ஆனா மனப்பாடத்துக்கும் காலாவதி உண்டு. 1998-ல் கொரியாவுல இந்தப் புத்தகத்தின் பழைய வடிவம் ஒண்ணு கிடைச்சது. அதுல விலையெல்லாம் மங்கோலிய யுவான் ஆட்சியின் காகிதப் பணத்துல இருக்கு. பிற்காலப் பதிப்புகள்ல அதுவே வெள்ளி. சீனப் பேச்சுமொழி மாறினதால 18-ஆம் நூற்றாண்டு வரைக்கும் திருத்திக்கிட்டே இருந்தாங்க. பழைய பணத்துல விலை பேசப் பழகினவனை எந்தச் சந்தை மதிக்கும்?

அதனால அடுத்த அப்ரைசலுக்கு முன்னாடி ஒரு நண்பரைக் கூப்பிடுங்க. நீங்க மேனேஜரா உட்காருங்க, அவர் உங்களுக்காகக் கேட்கட்டும். "பட்ஜெட் இல்லப்பா"ன்னு நீங்களே அஞ்சு விதமா சொல்லிப் பாருங்க. எந்த மறுப்புக்கு உங்ககிட்டயே பதில் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சிடும். அந்த இடத்துலதான் உங்க ஒத்திகை ஆரம்பிக்கணும்.