வழிதவறித் திரும்பிய ஈக்குவலைசர்

வீட்டில் நல்ல ஸ்டீரியோ வைத்துப் பாட்டுக் கேட்பவர்களிடம் ஈக்குவலைசருக்கு நல்ல பெயர் கிடையாது. 1970களிலும் 80களிலும் ஸ்டீரியோ செட்டின் முகப்பில் வரிசைகட்டி நின்ற அந்தப் பத்துக் குமிழ்கள் ஒலியைக் கெடுக்கவே வந்தவை என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தப் பழி கருவியின் மேல் விழுந்திருக்கக் கூடாது. அறையின் முழக்கத்தை அடக்கிய முன்னோடிகள் அதைச் சரியான வடிவத்தில்தான் கையாண்டார்கள். வடிவம் மாறியது கருவி கடைக்கு வந்த பிறகுதான். பழைய வடிவம் திரும்பக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அறையின் ஒலியை முதலில் எண்ணில் பிடித்தவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895இல் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் அவர் பொறுப்பில் வந்தது. அங்கே ஒரு சொல் ஐந்தரை நொடி வரை அடங்காமல் நின்றது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை இரவு இரவாக அளந்தார். அவர் ஊதிய சுரம் 512 ஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. அந்த அலையை மெத்தை விழுங்கும். நான்கு மீட்டர் நீள அறையில் எழும் முதல் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளமோ எட்டு மீட்டர். பஞ்சும் கம்பளமும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. சபைனின் வழி, அதாவது அறையையே திருத்தும் வழி, வீட்டில் பேஸ் ஒலியிடம் தோற்பது இதனால்தான்.

மறுவழி, ஒலி ஸ்பீக்கரை அடையும் முன்பே அதைத் திருத்துவது. தொலைபேசிக் கம்பியில் தேய்ந்த அதிர்வெண்களை மீட்டுச் சமன்செய்யும் மின்சுற்றுகளிலிருந்து வந்தது ஈக்குவலைசர் என்ற பெயர். அதை அறையின் முழக்கத்துக்கு எதிராகத் துல்லியமாகத் திருப்பியவர் டெக்சஸ் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் சி. பி. போனர். அரங்குகளில் எந்தச் சுரம் முழங்குகிறது என்று தேடிப்பிடித்து, அந்த இடத்தில் மட்டும் மிகக் குறுகிய வடிகட்டியைப் பொருத்தினார். 1965இல் அம்முறையைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஒவ்வோர் அரங்குக்கும் தனியாகச் செய்ய வேண்டிய வேலை அது. ஆல்டெக் நிறுவனம் 1967இல் அதை வணிகமாக்கியபோது வடிகட்டிகள் நிலையான இடங்களில், ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயியில் மூன்றில் ஒரு பங்கு அகலமாக அமைந்தன. வீட்டுக்கு வந்த பத்துக் குமிழ்ப் பெட்டியில் ஒரு குமிழுக்கு ஒரு ஸ்தாயி முழுவதும் ஒதுக்கப்பட்டது.

பிழை இங்கேதான் நுழைந்தது. அரை நொடியில் அறுபது டெசிபல் அடங்கும் ஒத்ததிர்வின் அகலம் ஏறத்தாழ நாலரை ஹெர்ட்ஸ். 43 ஹெர்ட்ஸில் அது இரண்டு சுரத்தானத்துக்கும் குறைவு. குமிழோ பன்னிரண்டு சுரத்தானங்களையும் ஒரே பிடியில் இறக்குகிறது. போதாக்குறைக்கு, குமிழ்கள் 31இலும் 63இலும் இருக்க, முழங்கும் சுரம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியில் முதல் கட்டை அழுத்தினால் எழும் சுரம் அது. அதை அடக்கப் போனால் அக்கம்பக்கத்துச் சுரங்கள் எல்லாம் மெலிந்துவிடும். கேட்டவர்கள் வெறுத்ததில் நியாயம் உண்டு. மையம், அகலம், அளவு மூன்றையும் விருப்பம்போல் மாற்றத்தக்க பாராமெட்ரிக் ஈக்குவலைசரை ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் 1972இலேயே விளக்கியிருந்தார். ஆனால் அது நெடுங்காலம் ஒலிப்பதிவுக் கூடங்களோடு நின்றது. டிஜிட்டல் கணிப்பு மலிந்த பிறகுதான் போனரின் குறுகிய வடிகட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அறையின் குற்றம் ஒலி நீண்டு ஒலிப்பது, ஈக்குவலைசர் குறைப்பதோ அளவை மட்டும்தானே என்று கேட்பார்கள். தாழ்ந்த அதிர்வெண்களில் தனித்து நிற்கும் ஒத்ததிர்வுக்கு அது பொருந்தாது. அங்கே ஒலியளவில் எழும் மேட்டின் உயரமும் முழக்கத்தின் நீளமும் ஒரே அதிர்வின் இரு பக்கங்கள். அதே அகலத்தில் அதே அளவு வெட்டினால், கேட்பவர் இருக்கும் இடத்தில் முழக்கமும் சுருங்கும். ஓர் இருக்கையைத் திருத்தினால் அடுத்த இருக்கை கெடலாம் என்ற மறுப்பு வலுவானது. அதை ஏற்கத்தான் வேண்டும். 2002இல் ஒலியியல் ஆய்வாளர் டாட் வெல்டி காட்டியபடி, சப்வூஃபர்களைப் பல இடங்களில் வைத்தால் இருக்கைகளுக்கிடையே வேறுபாடு குறைகிறது. ஈக்குவலைசர் அதற்குப் பிறகு வரவேண்டியது. சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே மைக் காட்டும் ஒவ்வொரு வளைவையும் நிமிர்த்துவது தவறு என்று மற்றோர் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் எழுதியதும் உண்மை. அங்கே காது கேட்பது பெரும்பாலும் ஸ்பீக்கரைத்தான்.

மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீட்டுச் சுவர், தானும் அதிர்ந்து பேஸ் ஒலியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவரும் காங்கிரீட் கூரையும் அதைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அனுப்புகின்றன. நம் அறைகளுக்குத்தான் இந்த மருந்து கூடுதலாகத் தேவை. அளக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்திப் பாருங்கள். பிறகு அளந்து, மேடுகளை மட்டும் வெட்டுங்கள். பள்ளங்களை நிரப்ப முயலாதீர்கள்: பத்து டெசிபல் ஏற்ற ஆம்பிளிஃபயர் பத்து மடங்கு மின்திறன் கொடுக்க வேண்டும், அப்போதும் பள்ளம் நிரம்பாது.