கொல்கத்தா ஏலத்தில் எடுத்த பழைய ரேடியோவை சென்னைக்குக் கொண்டுவருவது எப்படி?

கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெருவில் 1940-ல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச், ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் பேர்போனது. அங்கே ஒரு வால்வு ரேடியோவை எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது வீடு வந்து சேர ஹவுராவிலிருந்து சென்ட்ரல் வரை சுமார் 1,660 கிலோமீட்டர் இருக்கிறது. தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

பொதுவாக ஏலப் பொருள் 'இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்' விற்கப்படுகிறது. கட்டுவதும் தூக்குவதும் உங்கள் வேலை. எத்தனை நாளுக்குள் எடுக்கணும், தாமதமானால் வாடகை உண்டா, உங்கள் சார்பில் நண்பர் வந்து எடுக்கலாமா என்பதை எல்லாம் விலை கேட்பதற்கு முன்பே விசாரியுங்கள். மின்விசிறி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: ஏசியா, டிசியா? பழைய கொல்கத்தாவின் சில பகுதிகளில் டிசி மின்சாரம் இருந்தது. அந்தக் கால டிசி ஃபேனை நம் வீட்டு பிளக்கில் அப்படியே சொருக முடியாது.

நீங்களே ரயிலில் போய் எடுத்துவரலாம். மூன்றடுக்கு ஏசியில் 40 கிலோ வரை இலவசம். ஆனால் பெட்டி 55×45×22.5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பெரிய டேபிள் ரேடியோ இதற்குள் அடங்காது, பிரேக் வேனில்தான் போடணும்.

பார்சலில் அனுப்பினால் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மதிப்பை அறிவிக்காமல் புக் செய்த பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ, ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் வரைதான். 12 கிலோ ரேடியோவுக்கு அதிகபட்சம் 600 ரூபாய். நீங்கள் பல ஆயிரம் கொடுத்து எடுத்திருப்பீர்கள்! புக் செய்யும்போதே மதிப்பை எழுதிக்கொடுத்து, அதற்கான சதவீதக் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். பேக்கிங் சரியில்லை என்று ரசீதில் குறிப்பு விழுந்தால் இழப்பீடு கேட்பது கஷ்டம். அதனால் மரப்பெட்டிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். வால்வுகளைக் கழற்றும் முன் போட்டோ எடுத்து, எண் எழுதி, தனித்தனியாகச் சுற்றுங்கள். பார்சல் வந்ததும் ரசீதோடு போய் எடுத்துவிடணும், இல்லையென்றால் வார்ஃபேஜ் கட்டணம் ஏறும்.

ஃபிரிட்ஜ்? என்னைக் கேட்டால், இவ்வளவு தூரத்துக்கு வேண்டாம். எடுத்தே தீருவேன் என்றால் நிமிர்த்தி வைத்தே கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்க வைத்து வந்திருந்தால் ஒருநாள் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போடுங்கள். கம்ப்ரஸருக்குள் ஆயில் திரும்பி இறங்கணும்.

ரேடியோவையும் வந்த ஜோரில் சொருகாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த கெப்பாசிட்டர் முதல் மின்சாரத்திலேயே போய், டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகலாம். முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.